தராசுக்காரருக்குத் தாய் கிடைத்த விவரம்

தராசுக்காரருக்கு ஐம்பத்து நான்காவது வயதில் ஒரு தாய் கிடைத்தாள். அவளுக்கு வயது முப்பத்தெட்டு. இதில் இயற்கைக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. எல்லாம் முறைப்படி, மூன்று பிரதிகளில், ரப்பர் முத்திரையோடு நடந்தது.

எங்கள் கடைத்தெருவில் தராசு பழுது பார்ப்பவர் அவர் ஒருவர்தான். முன்பக்கம் பட்டறை. பின்பக்கம் ஒரு நீளமான அறை. அதில் முன்பு முள் வளைந்த தராசும் தட்டு தொலைந்த தராசுமாகக் குவிந்து கிடந்தன. ஆறு வருடத்துக்கு முன்னால் அவற்றை எல்லாம் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, அறையைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தார். பள்ளிக்கூடம் என்றால் இருபத்து மூன்று பிள்ளைகள், ஒரு கரும்பலகை, ஒரு வாத்தியார். அப்பா இல்லாத பிள்ளை, அம்மா இல்லாத பிள்ளை, இரண்டு பேரும் இல்லாமல் யார் வீட்டு மூலையிலோ படுத்து எழுந்து வரும் பிள்ளை. பெரிய பள்ளிக்கூடங்கள் பிறப்புச் சான்றிதழ் கேட்கும். இவர்கள் பிறந்ததற்கு இவர்களே சாட்சி.

வாத்தியார் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். சம்பளம் கிடையாது. முப்பது வருடம் கூட்டத்தைச் சமாளித்த பழக்கம் விடவில்லை. "உள்ள தள்ளி உட்காரு, நடுவுல எவ்வளவு இடம் கெடக்கு பாரு" என்று சொல்லிக்கொண்டேதான் பாடத்தை ஆரம்பிப்பார். கழித்தல் கணக்கை மீதிச் சில்லறை கொடுக்கிற மாதிரி சொல்லிக்கொடுப்பார். எங்கள் தெருவில் ஐந்து வயதுப் பிள்ளையை ஏமாற்றிப் பொருள் விற்க முடியாமல் போனதற்கு அவர்தான் காரணம். அந்தக் கோபம் வியாபாரிகளுக்கு இன்றும் உண்டு.

அவருடைய மாணவர்களில் கெட்டிக்காரி ஒரு பெண். பதினான்கு வயது. சில்லறை என்று பேர் வைத்திருந்தோம். எந்தக் கணக்கைக் கேட்டாலும் கேட்டு முடிப்பதற்குள் மீதியைச் சொல்லிவிடுவாள். தெருமுனையில் முட்டைக் கடை வைத்திருக்கும் சித்தி அவளை மூன்று வயதிலிருந்து வளர்க்கிறாள். சித்திக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. முட்டையைக் காதருகே ஆட்டிப் பார்த்து எத்தனை நாள் பழசு என்று சொல்வாள். அந்த வருடம் பொதுத்தேர்வு எழுதும் வயதில் பள்ளிக்கூடத்தில் இருந்தது சில்லறை ஒருத்திதான், மற்றதெல்லாம் பொடிசுகள். தேறினால் மேல்பள்ளியில் இலவசமாக இடம். எழுதாவிட்டால் முட்டைக் கடை.

"முட்டைக் கடைக்கு நான் ஒருத்தி போதும்" என்பாள் சித்தி. "ரெண்டு பேரு ஒக்காந்தா முட்டைக்கு இடமில்ல."

விஷயம் இப்படித் தெளிவாக இருந்தபோதுதான் பேரவை உள்ளே வந்தது.

ஆதரவற்றோர் கல்வி ஏற்றப் பேரவை என்பது அதன் முழுப்பெயர். ஊரிலுள்ள சமுதாயப் பள்ளிகளை எல்லாம் மேம்படுத்துவது அதன் வேலை. மேம்பாட்டின் முதல் படியாக ஓர் உத்தரவு வந்தது: இனிமேல் இத்தகைய பள்ளிகளில் படிப்பவர்கள் பேரவையின் பட்டியலில் இருந்தால்தான் பொதுத்தேர்வு எழுத முடியும். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு இருபத்து மூன்று இடம். பிள்ளைகளும் இருபத்து மூன்று பேர். "அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கே" என்று தராசுக்காரர் சந்தோஷப்பட்டார். தராசு இரண்டு பக்கமும் சமமாக நின்றால் சந்தோஷப்படுவது அவர் தொழில்.

கணக்கெடுக்க ஓர் இளைஞன் வந்தான். கழுத்தில் அடையாள அட்டை, கையில் கணினிப் பலகை. பேரவையின் வழிகாட்டி நெறிப்படி அவன் யாரிடமும் வயது கேட்கக் கூடாது. பிறந்த நாள் தெரியாத பிள்ளைகளின் மனம் புண்படும். "குழந்தையைப் பார்த்துக் குழந்தைதானா என்று சந்தேகப்படும் பார்வை"யும் கூடாது என்று தனியாக ஒரு வரி இருந்தது. ஆகவே கணக்கெடுக்கும் நேரத்தில் அந்த அறைக்குள் யார் உட்கார்ந்திருந்தாலும் அவர்கள் குழந்தைதான்.

தராசுக்காரர் அறைக்குள் பெஞ்சுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா இருக்காங்களா?" என்று கேட்டான் இளைஞன், பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"போய்ச் சேர்ந்து இருபத்தஞ்சு வருஷமாச்சு தம்பி."

"அம்மா?"

"அதுக்கு முன்னாடியே."

"வேற யாராச்சும் பார்த்துக்கறாங்களா?"

"நம்மள யாருப்பா பார்த்துக்கறது? நானே பொங்கி நானே தின்னுக்கறேன்."

இளைஞனின் முகம் கனிந்தது. "எங்க படுக்கறீங்க?"

"கடையிலேயேதான். பட்டறை மேசைக்கு அடியில."

"வேலை செய்யறீங்களா?"

"ஒன்பது வயசுலேர்ந்து."

இளைஞனுக்குக் கண் கலங்கிவிட்டது. பலகையைத் தட்டினான். நலிவுக் குறியீட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. இதுவரை பேரவை கண்டெடுத்த குழந்தைகளில் இதுதான் அதிகம்.

அடுத்து கண்டக்டரைக் கேட்டான். "எங்க அம்மா தொண்ணூறு வயசுல கல்லு மாதிரி இருக்காங்க" என்றார் அவர் பெருமையாக.

"வருந்துறோம். நீங்க தகுதி பெறல."

அந்த நேரம் பார்த்துச் சித்தி இரண்டு தட்டு முட்டையோடு உள்ளே வந்தாள். வாரத்தில் ஒரு நாள் பிள்ளைகளுக்கு முட்டை அவித்துக் கொடுப்பது அவள் வழக்கம். மற்ற பிள்ளைகளின் சொந்தக்காரர்கள் எல்லாம் விவரமானவர்கள்; அடையாள அட்டையைக் கண்டதுமே "இந்தப் புள்ளைய நான் பார்த்ததே இல்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். சித்திக்கு அந்த விவரம் போதவில்லை. இளைஞன் சில்லறையிடம், "உனக்கு யாரும் இல்லையா பாப்பா?" என்று கேட்டது அவள் காதில் விழுந்துவிட்டது.

"யாரும் இல்லையாவா? நான் என்ன செத்தா போயிட்டேன்? குத்துக்கல்லாட்டம் நிக்கறேன், கண்ணு தெரியலையா? இவளுக்கு என்னய்யா குறை?"

"குறை எதுவும் இல்லையா?"

"ஒண்ணும் இல்ல!"

குறை எதுவும் இல்லை என்று இளைஞன் பதிந்துகொண்டான்.

மூன்று வாரம் கழித்துப் பட்டியல் வந்தது. இருபத்திரண்டு பிள்ளைகள். இருபத்து மூன்றாவதாக, தொண்ணூற்றாறு மதிப்பெண்ணோடு முதலிடத்தில், தராசுக்காரர். சில்லறையின் பெயருக்கு நேரே ஒரு கோடு. பட்டியலோடு ஒரு பெட்டியும் வந்தது. அதில் ஒரே அளவில் தைத்த இருபத்து மூன்று கால்சட்டைகள், பல் துலக்கக் குட்டித் தூரிகைகள், இருபத்து மூன்று கரடி பொம்மைகள். அடியில் ஓர் உறை. பட்டியலில் தேர்வு எழுதும் அளவுக்கு எழுதப் படிக்கத் தெரிந்த ஒரே குழந்தை என்ற முறையில் தராசுக்காரருக்குப் பொதுத்தேர்வு நுழைவுச் சீட்டு.

தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. கடைசியாகச் சில்லறை வந்தாள். நுழைவுச் சீட்டை எடுத்து, முன்னும் பின்னும் படித்து, மடிப்பு விழாமல் திரும்ப உறைக்குள் வைத்தாள். அதைப் பார்த்த பிறகு தராசுக்காரருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு பேரவை அலுவலகத்துக்குப் போனார். ஆறு மாடிக் கட்டடம். முதல் மாடியில் குறை கேட்கும் பிரிவு. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அம்மாள் பட்டியலைப் புரட்டினாள்.

"நீங்க பட்டியல்ல இருக்கற குழந்தை. குழந்தைங்க நேரடியாப் புகார் குடுக்க முடியாது. பாதுகாவலரைக் கூட்டிட்டு வாங்க."

"எனக்குப் பாதுகாவலர் கிடையாதும்மா. அதனாலதானே பட்டியல்ல போட்டிருக்கீங்க?"

"அப்ப புகாரும் கிடையாது."

"நான் குழந்தையே இல்லம்மா. என் தலையப் பாருங்க. முடி எங்க இருக்கு?"

அவள் பார்க்கவில்லை. சந்தேகப்படும் பார்வை கூடாது. ஒரு சீட்டை எழுதி, "மூணாவது மாடிக்குப் போங்க" என்றாள்.

மூன்றாவது மாடியில் மனநல ஆலோசகர். இளம்பெண். சுவரெல்லாம் பட்டாம்பூச்சி. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஒரு நாற்காலி. தராசுக்காரர் அதில் உட்கார்ந்ததும் முழங்கால்கள் காதுக்குப் பக்கத்தில் வந்து நின்றன.

"நான் குழந்தை இல்லைனு சொன்னீங்களாமே?" என்று அவள் மெல்லக் கேட்டாள்.

"ஆமாம்மா."

"எப்பலேர்ந்து இப்படித் தோணுது?"

"ஒரு முப்பத்தஞ்சு வருஷமா."

அவள் பெருமூச்சு விட்டுக் குறித்துக்கொண்டாள். சீக்கிரமே பொறுப்புச் சுமந்த குழந்தைகள் தங்களைப் பெரியவர்களாக நினைத்துக்கொள்வது முதல் அறிகுறி என்றாள். வண்ணப் பென்சில் கொடுத்து வீடு வரையச் சொன்னாள். தராசுக்காரருக்குத் தராசுதான் வரைய வரும், வரைந்தார். அவள் அதை வெகுநேரம் பார்த்தாள்.

"ரெண்டு தட்டும் காலியா இருக்கே?"

"காலியா இருந்தாத்தாம்மா முள்ளு நேரா நிக்குதான்னு பார்க்க முடியும்."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு கரடி பொம்மை கொடுத்து அனுப்பினாள். அவரிடம் ஏற்கெனவே ஒன்று இருந்தது.

அந்த மாதக் கடைசியில் இயக்குநரே வந்தார், மேம்பாட்டைத் தொடங்கிவைக்க. மேம்பாடு ஒரு கல்வெட்டு. ஐந்தடிக்கு மூன்றடி, இயக்குநரின் பெயர் பொன்னெழுத்தில். அந்த அறையில் ஈரம் ஊறாத சுவர் ஒன்றே ஒன்றுதான். அதில் கரும்பலகை இருந்தது. ஆகவே கரும்பலகையைக் கழற்றிக் கதவுக்குப் பின்னால் மாட்டினார்கள். கதவைச் சாத்தினால்தான் பலகை தெரியும். கதவைச் சாத்தினால் வெளிச்சம் வராது. கண்டக்டர் இரண்டு நாள் யோசித்து, ஒரு வரி எழுதிவிட்டுக் கதவைத் திறப்பதும் அடுத்த வரிக்குச் சாத்துவதுமாகப் பாடம் நடத்தப் பழகிக்கொண்டார். பஸ்ஸில் கதவோடு பிழைத்தவர்; அவருக்கு அது கஷ்டமாகத் தெரியவில்லை.

இயக்குநர் பருமனான, அன்பான மனிதர். ஒலிபெருக்கி இல்லாமலேயே தெருமுனை வரை கேட்கும் குரல்.

"நண்பர்களே! இந்தப் பேரவையை நான் ஆரம்பிச்சப்ப எங்ககிட்ட வெறும் நானூறு ஆதரவற்ற குழந்தைங்கதான் இருந்தாங்க. சின்ன அறை. ஒரே ஒரு மின்விசிறி. இன்னைக்கு நாற்பத்தோராயிரம் பேர்! ஆறு மாடி! இது தானா வந்த வளர்ச்சி இல்ல. ராப்பகலா உழைச்சிருக்கோம். நடுவுல எத்தனை சோதனை! சில இடங்கள்ல சொந்தக்காரங்க வந்து குழந்தைங்களைக் கூட்டிட்டே போயிட்டாங்க. போன வருஷம் மட்டும் பத்தொன்பது குழந்தைங்களை இப்படிக் குடும்பத்துக்குப் பறிகொடுத்தோம். அந்த இழப்பையும் தாங்கிக்கிட்டுத்தான் உங்க முன்னாடி நிக்கறேன்."

கைதட்டல் முடிந்ததும் படம் எடுத்தார்கள். பிள்ளைகள் கால்சட்டையோடு வரிசையாக நின்றார்கள். தராசுக்காரர் கால்சட்டையை வேட்டிக்கு மேல் போட்டுக்கொண்டு நின்றார். படக்காரர் அவரைப் பார்த்து, "சிரிக்காத கண்ணு" என்றார். "இது ஆதரவு கிடைக்கறதுக்கு முன்னாடி எடுக்கற படம். சிரிக்கற படம் அடுத்த வருஷம்."

சித்தி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு இயக்குநரிடம் போய்விட்டாள். "ஐயா, என் பொண்ணு பேரு விட்டுப்போச்சு. பரீட்சைக்கு இன்னும் ரெண்டு மாசந்தான் இருக்கு."

இயக்குநர் பட்டியலைப் பார்த்தார். "அவளுக்குத்தான் நீங்க இருக்கீங்களேம்மா."

"நான் இருந்தா என்னங்கய்யா?"

"ஆள் இருக்கற குழந்தைக்கு இடம் குடுத்தா, ஆள் இல்லாத குழந்தை எங்க போகும்?" என்று சொல்லி, ஆள் இல்லாத குழந்தையின் வழுக்கைத் தலையை அன்போடு தடவிக்கொடுத்தார்.

சித்தி அன்று மத்தியானமே கடையைச் சாத்தினாள். எங்கள் தெருவில் யாராவது செத்தால்கூட அவள் கடையைச் சாத்தியதில்லை. நேரே பட்டறைக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சில்லறை ஏற்கெனவே அங்கேதான் இருந்தாள். பெட்டியோடு வந்திருந்த நூற்றுப் பதினான்கு பக்க விதிமுறைப் புத்தகம் அவள் மடியில் இருந்தது. அதை முழுசாகப் படித்த ஒரே ஆள் அவள்தான். பேரவையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

"என்னதாண்டி எழுதியிருக்கான்?"

"முப்பத்தொண்ணாவது விதி சித்தி. பட்டியல்ல இருக்கற குழந்தைய யாராச்சும் பாதுகாவலரா ஏத்துக்கிட்டா, அந்தக் குழந்தை பேரை எடுத்துடுவாங்க. அந்த இடம் அதே பள்ளிக்கூடத்துல ஆள் இல்லாம இருக்கற இன்னொரு குழந்தைக்குப் போகும்."

"சரி. அண்ணன யாராச்சும் ஏத்துக்கிட்டா இடம் காலி. ஆனா உனக்குத்தான் ஆள் இருக்கே."

"முப்பத்திரண்டாவது விதி. கவனிப்பு ரெண்டாப் பிரியக் கூடாதாம். அதனால ஒரு பாதுகாவலருக்கு ஒரே ஒரு குழந்தைதான். புதுசா ஒண்ணை ஏத்துக்கிட்டா பழசு அந்த நிமிஷமே..." சில்லறை நிறுத்தினாள்.

"பழசு?"

"ஆதரவற்றதா ஆயிடும்."

 பின்னறை வாசலில் நின்ற கண்டக்டர் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார். "ஒருத்தரு இறங்கினா ஒருத்தரு ஏறலாம். ஆனா ஒரே படிக்கட்டுல."

சித்தி வியாபாரி. முடிவுக்கு வர அவளுக்கு அதிக நேரம் பிடிக்காது. தராசுக்காரரை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தாள், காதருகே வைத்து ஆட்டிப் பார்க்காத குறைதான்.

"அண்ணே, நான் ஒங்கள எடுத்துக்கறேன்."

"எங்க எடுத்துக்கற?"

"புள்ளையா."

"தங்கச்சி, எனக்கும் ஒனக்கும் பதினாறு வயசு வித்தியாசம். அதுவும் தலைகீழா!"

"வயசத்தான் கேக்க மாட்டாங்களே."

சில்லறை புத்தகத்தை மூடவில்லை. "சித்தி, இன்னொரு விதி இருக்கு. கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கம். அறுபத்தேழு." காதோடு காதாகப் படித்துக் காட்டினாள். சித்தியின் புருவம் மேலே போய் இறங்கியது.

"அது இப்ப வேணாம். பக்கத்த மடிச்சு வை."

ஒரு வாரத்தில் விழா ஏற்பாடாயிற்று. ஆறாவது மாடி அரங்கம். மேடையில் "குடும்பத்தோடு இணைகிறது ஒரு குழந்தை" என்று பெரிய துணி. இன்னொரு குழந்தையைப் பறிகொடுக்கும் துக்கம் இயக்குநரின் முகத்தில் தெரிந்தாலும், அதே வினாடியில் அதே பள்ளியில் புதிதாக ஓர் ஆதரவற்ற குழந்தை கிடைக்கிறது என்று உதவியாளர் காதில் சொன்னதும் தெளிந்துவிட்டார்.

சித்தி மூன்று பிரதியிலும் கைநாட்டு வைத்தாள். "அம்மான்னு கூப்பிடு கண்ணு" என்றார் இயக்குநர் ஒலிபெருக்கியில்.

தராசுக்காரர் சித்தியைப் பார்த்தார். முட்டைக் கணக்கில் இவளோடு எத்தனை சண்டை போட்டிருக்கிறார்! தொண்டையைச் செருமிக்கொண்டு, "அம்மா" என்றார். நாற்பது வருடமாக யாரையும் அப்படிக் கூப்பிடாத குரல். அது கொஞ்சம் பிசிறியது. அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. மனநல ஆலோசகர் கைக்குட்டையைத் தேடினாள்.

பக்கத்து மேசையில் சில்லறைக்கு ஒரு படிவம் கொடுத்திருந்தார்கள். எல்லாக் கட்டத்தையும் மளமளவென்று எழுதி முடித்தவள், "உன்னைக் கவனிப்பவர் யார்" என்ற கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள்.

"எழுதுடி" என்றாள் சித்தி, மேடையிலிருந்து உதடு அசையாமல்.

"கை வர மாட்டேங்குது சித்தி."

"காகிதத்துலதானடி. காகிதம் என்ன, கொழம்பா, எச்சி பட்டா கெட்டுப்போறதுக்கு? எழுது. ஊட்டுக்குப் போய் ஒன்ன வச்சுக்கறேன்."

இல்லை என்று எழுதினாள். அரை மணி நேரத்தில் நுழைவுச் சீட்டு அச்சாகி வந்தது.

தேர்வு நாளன்று மண்டப வாசலில் பாதுகாவலர்கள் நிற்பதற்குத் தனியாக நிழல் போட்டிருந்தார்கள். சித்தி அங்கே நிற்க முடியாது. அதனால் ஒரு கூடை அவித்த முட்டையோடு எதிர்ப்பக்கம் வெயிலில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் வியாபாரம் செய்தாள். விலை கேட்டவர்களை எல்லாம், "இரு, மணி அடிக்கட்டும்" என்று விரட்டியதால் அன்று ஒரு முட்டைகூட விற்கவில்லை.

இதற்கிடையில் பேரவை தன் கடமையை மறந்துவிடவில்லை. குடும்பத்தோடு இணைந்த குழந்தை ஒழுங்காக வளர்கிறதா என்று மாதாமாதம் ஒரு மேற்பார்வையாளர் வருவார். முதல் வேலை எடை பார்ப்பது. தராசு பேரவையிலிருந்து கொண்டுவந்தது. அது மூன்று கிலோ கூடுதலாகக் காட்டியது. தராசுக்காரர் அதை அங்கேயே பிரித்துச் சரி செய்து கொடுத்தார். அடுத்த மாதம் அதே தராசில் நின்றதால், குழந்தை மூன்று கிலோ இளைத்துவிட்டதாகப் பதிவாயிற்று.

அப்புறம் உயரம். முதல் மாதம் ஐந்தடி நாலங்குலம். இரண்டாம் மாதமும் அதுவே. மூன்றாம் மாதம் கால் அங்குலம் குறைச்சல். முதல் நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்திருந்தார். மேற்பார்வையாளர் பதறிவிட்டார்.

"குழந்தை சிறுத்துக்கிட்டே போகுதேம்மா! சாப்பாடு குடுக்கறீங்களா இல்லையா?"

"தெனமும் ரெண்டு முட்டை குடுக்கறேங்க."

"அம்மா அடிக்கறாங்களா?" என்று தராசுக்காரரிடம் தனியாகக் கேட்டார்.

"அடிக்கறதில்ல. திட்டுவாங்க."

"எதுக்கு?"

"பீடி குடிக்கறதுக்கு."

மேற்பார்வையாளர் உட்கார்ந்துவிட்டார். ஆனால் முட்டை விஷயம் பொய்யில்லை. கைநாட்டு வைத்த மறுநாளிலிருந்து காலையில் பட்டறைத் திண்டின் மேல் ஒரு கிண்ணத்தில் இரண்டு அவித்த முட்டை இருக்கும். "அதிகாரி வந்து கேட்டா பொய் சொல்லணும்ல, அந்தத் தொல்லை எதுக்கு?" என்பாள் சித்தி. தராசுக்காரர் உட்கார்ந்து தோலை உரிப்பார். நானே பொங்கி நானே தின்னுக்கறேன் என்று அவர் சொல்வது மெல்ல நின்றுபோனது.

நான்காம் மாதம் தேர்வு முடிவு வந்தது. சில்லறை தேறியது மட்டுமில்லை, பேரவையின் எல்லாப் பள்ளிகளிலும் முதலாவது. மறுபடியும் ஆறாவது மாடி, மறுபடியும் துணி. இந்த முறை "யாருமில்லாமலும் சாதிக்கலாம்" என்று எழுதியிருந்தது. சான்றிதழைச் சில்லறையின் கையில் கொடுத்துவிட்டு இயக்குநர் முழங்கினார்.

"இந்தக் குழந்தைக்கு யாரும் இல்ல! காலையில எழுப்பிவிட ஆள் இல்ல! பசிக்குதான்னு கேக்க ஆள் இல்ல! அதனாலதான் முதலாவதா வந்தா! சொந்தபந்தம் இருக்கற குழந்தைங்கள்ல ஒருத்தராவது இப்படி வந்திருக்காங்களா? யோசிச்சுப் பாருங்க!"

முதல் வரிசையில், வளர்ச்சி குன்றிய மகனோடு உட்கார்ந்திருந்த சித்தி பல்லைக் கடித்துக்கொண்டு யோசித்துப் பார்த்தாள்.

சில்லறையை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவள் ஒலிபெருக்கியைத் தன் உயரத்துக்கு இறக்கினாள்.

"எங்க பள்ளிக்கூடத்துல தராசுத் தம்பின்னு ஒரு பையன் படிச்சான்" என்று ஆரம்பித்தாள். தராசுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "அவனோட அம்மா ரொம்ப நல்லவங்க. எனக்கும் அவங்களுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, நான் எழுதியே குடுத்திருக்கேன். ஆனா வெளிச்சம் வர்றதுக்கு முன்னாடியே என்னை எழுப்பிவிடுவாங்க. நான் படிச்சு முடிக்கற வரைக்கும் பக்கத்துல ஒக்காந்து முட்டையத் தொடச்சுக்கிட்டே இருப்பாங்க. எழுத்துத் தெரியாது, ஆனா நான் ஒரு வரிய விட்டுட்டு அடுத்த வரிக்குப் போனா, 'ஏய், நடுவுல ஒண்ண முழுங்கிட்ட'ம்பாங்க. அந்தத் தம்பி குடுத்துவச்சவன். அவ்வளவுதான்."

 கடைசி வரிசையிலிருந்து கண்டக்டர் விசில் அடித்தார், இரண்டு தடவை, வண்டியை எடுக்கச் சொல்கிற மாதிரி.

இயக்குநர் நெகிழ்ந்துபோனார். "பார்த்தீங்களா, அடுத்தவங்க குழந்தைக்கே இப்படின்னா! இந்தத் தாய்க்குப் பேரவை என்ன கைம்மாறு செய்யணும்? கேளுங்கம்மா!"

சித்தி எழுந்தாள். இந்த ஒரு கேள்விக்காகத்தான் நான்கு மாதமாகக் காத்திருந்தாள் என்பது எங்கள் தெருவுக்குத் தெரியும். பையிலிருந்து விதிமுறைப் புத்தகத்தை எடுத்து, மடித்து வைத்திருந்த பக்கத்தைத் திறந்து மேசையில் போட்டாள்.

"அறுபத்தேழாவது விதிங்கய்யா. எடுத்த புள்ள ஆறு மாசத்துல சரியா வளரலைன்னா மாத்திக்கலாம்னு இருக்கு. இந்தப் பையன் நாலு மாசமா ஒரு அங்குலம் வளரல. ஒங்க ஆளுதான் அளந்தாரு, கையெழுத்துப் போட்டிருக்காரு. மேற்கொண்டு கால் அங்குலம் தேஞ்சிருக்கு. மூணு கிலோ எளச்சிருக்கு. இவனத் திரும்ப எடுத்துக்கிட்டு, அதோ நிக்குதே, அந்தப் பொண்ணக் குடுங்க."

"அம்மா, குழந்தை என்ன பொருளா..." என்று இயக்குநர் ஆரம்பித்தார்.

"அது எனக்குத் தெரியுங்க. விதி எழுதினவருக்குத்தான் சொல்லணும்."

விதி எழுதியவர் இயக்குநர்தான். உதவியாளர் அவர் காதில் ஏதோ சொன்னார். பட்டியலில் ஒன்று குறைந்தாலும் ஒன்று கூடுகிறது; நாற்பத்தோராயிரம் நாற்பத்தோராயிரமாகவே நிற்கும். அது கேட்டதும் இயக்குநரின் முகம், இரண்டு தட்டும் சமமாக நிற்கும் தராசு மாதிரி ஆனது. படிவம் வந்தது. மூன்று பிரதி. மாற்றத்துக்கான காரணம் என்ற கட்டத்தில் "குழந்தை வளரவில்லை" என்று சில்லறையே தன் கையால் எழுதினாள். கவனிப்பவர் யார் என்ற கட்டத்தை இந்த முறை யாரும் எழுதச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வீடு திரும்பும்போது சித்தியும் சில்லறையும் முன்னால் சண்டை போட்டுக்கொண்டே போனார்கள், சான்றிதழை யார் பிடித்துக்கொள்வது என்று. தராசுக்காரர் நாலடி பின்னால் கண்டக்டரோடு நடந்தார்.

"என்ன முதலாளி, முகம் தொங்கிக் கெடக்கு?"

"ஒண்ணுமில்ல. ஐம்பத்து நாலு வயசுல ஒரு அம்மா கெடைச்சா. அவளும் போயிட்டா."

"நாலு மாசம் ஓட்டுனீங்கல்ல, போதும் விடுங்க."

மறுநாள் காலை அவர் கண் விழித்தபோது திண்டின் மேல் கிண்ணம் இருந்தது. அதற்குள் இரண்டு முட்டை. சூடு ஆறவில்லை. தெருமுனைக்குப் போய்க் கிண்ணத்தை நீட்டினார்.

"தங்கச்சி, மறந்து வச்சுட்ட போல. நான் நேத்தோட திரும்பிப் போயிட்டேனே. பதிவேட்டுல நான் ஒனக்கு யாரும் இல்ல."

சித்தி ஒரு முட்டையைக் காதருகே ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"பதிவேட்டுல இல்லைன்னா பசிக்காதா? ஆறிப்போறதுக்குள்ள தின்னு. பீடியத் தொட்டேன்னா தெரியும் சேதி."

தராசுக்காரர் தின்றார். அடுத்த வருடத் தேர்வுக்கு அவருக்கு நுழைவுச் சீட்டு வந்துவிட்டது. இந்தத் தடவை அவர் அதைத் திருப்பிக் கொடுக்கப் போகவில்லை. போனால் மூன்றாவது மாடிக் குட்டி நாற்காலியில் முழங்கால் வலிக்கிறது. சாயங்காலம் மேல்பள்ளியிலிருந்து வந்ததும் சில்லறை அவருக்குப் பின்னக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். ஒரு வரி எழுதிவிட்டுக் கதவைத் திறக்கிறாள்; அடுத்த வரிக்குச் சாத்துகிறாள்.